ஈர எடை

வாளையாற்றுக்கு இப்பால், சாவடி எடைமேடை.
இரவு ஷிப்ட் எனக்கு.
கணவாய்க் காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும்.
மழை மட்டும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும்;
நனைந்த லாரிகள்தான் அதை இங்கே கொண்டுவரும்.

இன்று நார்க்கழிவு லோடு. ஒற்றப்பாலத்தில் ஏற்றியது.
அங்கே போட்ட சீட்டில் ஒன்பது டன்,
இங்கே ஒன்பதே முக்கால்.
"மோளே, மழையோட வெயிட்டுக்கு ஆரு காசு கொடுக்கும்?"
மொய்தூட்டி சண்டைக்கு வந்தார்.
மேடைக்கு மழை தெரியாது என்றேன்.
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
தார்ப்பாயைப் பிழியப் போனார்.

போனில் பாதி படித்துவிட்ட பக்கம்: சனி.
நம் வானில் ஈரக் காற்று லேசு.
நீராவி சேரச் சேர எடை குறைந்து
கிளம்பிவிடும், சாயங்காலத்துக்குள் இடி.
அங்கே காற்றே ஹைட்ரஜன்.
அதைவிட லேசாக ஒன்றுமே இல்லாததால்
ஈரம் அங்கே சுமை.
நனைந்த காற்று அடியில் கிடக்கிறது
அத்தனை சூட்டையும் வைத்துக்கொண்டு,
எழ முடியாமல்.

மேலே இருப்பது ஆற வேண்டும்.
ஆறி, இறுகி, கீழே கிடப்பதைவிட
ஒரு குன்றிமணி கூடுதலாகக் கனக்க வேண்டும்.
அதற்கு முப்பது வருஷம், ஏறக்குறைய.
பிறகு ஒருநாள்
அடைத்ததெல்லாம் பிய்த்துக்கொண்டு வரும்.
வெள்ளை வெளேரென்று அம்மோனியா கொப்பளிக்க
கிரகத்தையே சுற்றி ஓடி
தன் வாலில் தானே போய் முட்டும் புயல்.
பெய்தால் விழுவதற்குத் தரை கிடையாது.
விழுகிற துளி பாதியில் ஆவியாகி
மறுபடி அடியில் போய்க் கிடக்கும்,
கனமாக.

கஞ்சிக்கோட்டில் ஒருவனிடம்
சொல்லாமல் வைத்திருக்கிறேன் ஒரு வாக்கியம்.
ஆறு வருஷம்தான் ஆகிறது.
சனிக்கணக்கில் இது ஒன்றுமேயில்லை.

மொய்தூட்டி திரும்பி வந்தார், முழங்கை வரை நீர்.
மறுபடி ஏற்றச் சொன்னேன்.
நாற்பது கிலோ குறைந்திருந்தது.
"மதியா?"
போதாது என்றேன். சீட்டை அடித்துக் கொடுத்தேன்.
அவர் சிரித்தார், ஏனோ தெரியவில்லை,
கண்ணாடிக்கு வெளியே நீட்டி ஒரு நேந்திரம்பழம் வைத்துவிட்டுப் போனார்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் மின்னியது.
சத்தத்துக்காக எண்ண ஆரம்பித்தேன்.
இருபத்தாறில்
அடுத்த லாரி ஹாரன் அடித்தது.