பதினெட்டாம் நாள்

கொழிஞ்சாம்பாறையில் பங்குனி இப்படித்தான்:
குழாயில் ஒரு நாள் தண்ணீர்,
மூன்று நாள் காற்று.

பூசணிக் குழிக்குள் போய்
அடை உட்கார்ந்துவிட்டாள் மொட்டைக்கழுத்துக்காரி.
பதினொரு முட்டை.
தூக்கிக் கூடையில் வைக்கப் போன சவரிமுத்துவுக்குப்
புறங்கையில் கொத்து வாங்கியதுதான் மிச்சம்.

அன்றிலிருந்து அந்தக் குழிக்கு நீரில்லை.
பாவலுக்கு உண்டு, வெண்டைக்கு உண்டு,
சினையாட்டுக்குக் கழுநீர் உண்டு.
பூசணி மட்டும்
மத்தியானம் இலைகளைத் தொங்கவிட்டு
இருட்டியதும் தூக்கிக்கொள்ளும்.

நேற்று பதினெட்டாம் நாள்.
பொறுக்கவில்லை எனக்கு.
ஒரே ஒரு தம்ளர், விளிம்போரமாக,
அவள் பார்க்காதபோது ஊற்றினேன்.

பார்த்துவிட்டாள்.
றெக்கையை ஒரு விரல்கடை உயர்த்தி
முட்டைகளை நனையாத பக்கம் தள்ளிக்கொண்டாள்.
கொத்தவில்லை.

இன்று கொடி நுனியில் ஒரு பூ.
ஆண்பூதான்.
இருக்கட்டும்.