இடது முன்னங்கால்

திங்கள். நியூமார்க்கெட்டில் எங்கள் கூடத்துக்கு விடுமுறை.
ஏணியேறி
கிரேலிங்கை விலா விலாவாகத் தூசி தட்டுகிறேன்.
பதினாறு ஓட்டம் பதினாறு வெற்றி
என்கிறது பித்தளைத் தகடு.
தோல் இல்லை, வால் இல்லை,
மூச்சிரைக்க ஒன்றுமில்லை.

செத்த அன்றே இடது முன்னங்காலை
வெட்டி எடுத்துப்போனாராம் முதலாளி.
குளம்பு மைக்கூடானது.
அதில் தொட்டெழுதிய கடன்பத்திரங்கள்
மாடியில், தனிப்பெட்டியில்.

அப்படியானால் இது யாருடைய கால்?

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து
ஹெஸ்கெத் சொன்னான்:
கணுவைப் பார், எலும்பில் முடிச்சு விழுந்திருக்கிறது.
கல் பாவிய தெருவில்
வருஷக்கணக்காய்ப் பாரம் இழுத்த கால்.
நிலக்கரி வண்டியாக இருக்கலாம்.
பால் வண்டியாகவும்.

தகட்டில் கை வைக்க வேண்டாம் என்றார் காப்பாளர் திருமதி ஓக்ஷாட்;
வியாழனன்று நன்கொடையாளர்கள் வருகிறார்கள்.

கயிற்றுக்குக் கிட்ட இருப்பது அந்தக் கால்தான்.
பந்தயத்துக்குப் போகிறவர்கள்
ராசிக்காகத் தொட்டுத் தொட்டு
முழங்கால் எலும்பு மெருகேறிக் கிடக்கிறது.

போன சனிக்கிழமை நானும் தொட்டேன்.
ஐந்து பவுண்டு.
என் குதிரை
சரக்கை இறக்கி வைத்துவிட்டு வருவதுபோல்
கடைசியாக வந்தது.