வெறும் வயிறு

முகமூடியைக் கையில் எடுத்துக் குனிந்ததுமே
எனக்குத் தெரிந்துவிட்டது.
நான்கு வயது ஜெஸ்னா மேசைமேல் உட்கார்ந்து
கரடிப் பொம்மைக்கு மூக்கு எங்கே என்று தடவிக்கொண்டிருந்தாள்.
ஸ்ட்ராபெரி வாசம் பூசிய ரப்பரைத் தாண்டி
வந்தது மட்டிப்பழம்.

இந்த ஊரில் பிறந்த மூக்கு அதில் பிசகாது.
பல் முளைக்கும் முன்பே நாக்கில் தடவியது.

வெளியே விஜிலா எழுந்து நின்றாள்.
“காலையில ஏதாவது குடுத்தியா?”
“ஒண்ணும் குடுக்கல்ல டாக்டரே, சத்தியமாட்டு.”
உள்ளிருந்து பிள்ளை திருத்தியது:
“ரெண்டு பழம். பஸ்சுல.
ஆருகிட்டயும் சொல்லப்பிடாதுன்னு அம்ம சொன்னா.”

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏதோ லாரி போனது.
ஜன்னல் கண்ணாடி நடுங்கி நின்றது.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறும்,
தொண்டையில் இருப்பது நெஞ்சுக்குள் இறங்கும்,
பல்லுக்கு வந்த பிள்ளையை
நுரையீரலுக்கு வைத்துப் பார்க்க வேண்டிவரும்.
நூறு முறை சொன்னதுதான்.
இந்த முறை கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.
அண்டி ஆபீஸில் தோடு உடைத்துக் கருத்தவை.
இன்றைக்கு ஒரு நாள் கூலி போயிற்று,
மறுபடி வந்தால் இன்னொன்று.
“ராத்திரி முழுக்க பல்லுவலி, ஒண்ணும் சவைக்கல்ல.
இது மெத்துன்னு இருக்குமேன்னு...”
பெனோ டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

அடுத்த வியாழன்
விடிய நாலே முக்காலுக்கு என் ஃபோன்.
“தண்ணி குடுக்கலாமா? ஆறு மணி வரைதானே?”
பின்னால் அழுகை,
தட்டில் கரண்டி அடிக்கும் சத்தம்.
“குடு. தண்ணி மட்டும்.”
வைக்கப் போனேன்.
“நானும் நேத்து ராத்திரியே நிறுத்திட்டேன்” என்றாள்,
யாரும் கேட்காமலே.

எட்டேகால்.
பலூனை ஊது மக்களே என்றேன்.
முகர்ந்தாள். முகம் சுளித்தாள்.
“இது பழமில்ல.”
இல்லை என்றேன்.
இரண்டாவது மூச்சில் என் கையைத் தள்ளினாள்,
நான்காவதில் தள்ளிய கையே என் விரலைப் பிடித்தது,
ஏழாவதில் பிடி இருந்தது, அவள் இல்லை.

தாய்மாரை இந்த இடத்தில்தான் வெளியே அனுப்புவோம்.
விஜிலா பாதி திறந்த அந்தக் கண்ணைப் பார்த்தாள்.
“உறக்கம்தானே?”

உறங்கும் பிள்ளை முனகும், புரளும்,
தட்டினால் எழும்பும்.
இதற்கு வேறு சொல் இருக்கிறது,
அதைச் சொன்னால் இவள் கதவைத் தாண்டமாட்டாள்.
“உறக்கம்தான்” என்றேன்.
என் பங்குக்கும் ஒரு பொய்.

பிறகு பெனோவின் வேலை.
எட்டுப் பல். குடைந்து, அடைத்து,
வெள்ளி நிறத் தொப்பி மாட்டி.
நான் பல்லைப் பார்ப்பதே இல்லை.
எனக்கு ஒரு சத்தம் போதும்:
ரத்தத்தில் காற்று நிறைந்திருந்தால் டிக் டிக் மேலே நிற்கும்,
குறைந்தால் ஒரு படி இறங்கும்.
ஒரு முறை இறங்கியது.
துளைக்கருவி நின்றது.
பெனோ தலையைத் திருப்பியதில் குழாய் உள்ளே நகர்ந்திருந்தது.
ஒரு நூல் பின்னுக்கு இழுத்தேன்.
ஏறியது.
இன்னும் இரண்டு நிமிஷம் காதை அங்கேயே வைத்திருந்தேன்.

பதினொன்றுக்கு அழுகையோடு எழுந்தாள்.
ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை,
என்னையும் தெரியவில்லை.
அப்படித்தான் இருக்கும், மருந்து அதையும் அழித்துவிடும்.

விஜிலா பையைத் திறந்தாள்.
செய்தித்தாளில் பொதிந்து ஆறு பழம்.
“இப்ப?”
“முதல்ல தண்ணி. அது தங்கட்டும். நீ தின்னு.”

ஒன்றை எடுத்தாள். தோலைப் பாதி உரித்தாள்.
பிள்ளை பார்ப்பதைக் கண்டதும்
உரித்த தோலை மேலே மூடி
ஷாலுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அறை முழுக்க மட்டிப்பழம்.