கண்டாவளை 27

குளிரூட்டியின் நான்காம் தட்டில்,
மைனஸ் எண்பதில், ஒரு குப்பி.
மூடியில் என் கையெழுத்து: கண் - 27.
மை மங்கிவிட்டது.
அந்த இலையின் விளிம்பு கீறிய கோடு
என் சுட்டுவிரலில் இன்னும் இருக்கிறது.

கண்டாவளைக்கு அப்பால், உவர் ஏறிய காணி.
மஞ்சள் நாடா. சிவப்புப் பலகையில் மண்டையோடு.
அதற்கு அங்கால்
ஆறு வருடமாகக் கலப்பையும் மாடும் போகாத நிலத்தில்
காட்டு நெல்
உப்புத் தண்ணீரில் வேரை விட்டுக்கொண்டு
பால் பிடித்த கதிரோடு நின்றது.

நான் இங்கால் நின்றேன்.
கையில் கத்தரிக்கோல், சிலிக்கா நிரப்பிய பை,
ஜப்பானில் முடித்த கலாநிதிப் பட்டத்தின்
மிச்சத் துணிவு.
இடையில் மூன்று மீற்றர்.

"மூண்டு மீற்றர் எண்டால்
எங்களுக்கு ஒரு கிழமை, மிஸ்"
என்றாள் சுகிர்தமலர்,
முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றி.
புல்லை மண்மட்டத்துக்கு வெட்டிவிட்டுத்தான்
கருவியை வைக்க வேண்டும், அது விதி.
அவள் ஒரு தூறை மட்டும் விட்டுவைத்தாள்.
எட்டாம் நாள்
எண்ணெய் வாளியில், சேற்றோடு கொண்டுவந்து தந்தாள்.
"இதுக்குக் கீழ ஒண்டுமில்லை.
ஒரு சாண் தள்ளி, ரெண்டு."

பிறகு நடந்ததைத்தான்
என் ஆராய்ச்சி வாழ்க்கை என்கிறார்கள்.

திரவ நைதரசன் கொழும்பிலிருந்து ரயிலில் வரும்.
மாங்குளம் தாண்டும்போதே பாதி ஆவி.
பனிக்கட்டி இயந்திரம் பழுதான மாதம்
முல்லைத்தீவு மீன் லொறியை மறித்து
ஐஸ் வாங்கினோம்.
என் டி.என்.ஏ. ஒரு கிழமை
சூடை மீன் மணத்தோடு இருந்தது.
இருபது எழுத்துப் பிரைமர்களுக்கு
மூன்று மாதம் காத்திருக்க,
சுங்கத்தில் திறந்து பார்த்தவர்
எழுதி அனுப்பினார்: "குப்பிகள் வெறுமை."
வெறுமையாகத்தான் தெரியும்.
ஒரு கடுகளவு கூட இல்லாத வெள்ளைப் படலம்,
அதற்காகத்தான் அத்தனை கடிதமும்.

கரண்ட் இல்லாத அந்த வருடம்
அபிதாரணியும் நானும் முறை வைத்து
குளிரூட்டிக்குப் பக்கத்தில் படுத்தோம்.
அவள் பகலில் டீசல் வரிசையில் நின்று,
நீர்க்கேனைத் தலைக்கு வைத்துக்கொண்டு
குரோமோசோம் ஒன்றைப் படித்தாள்.

கடைசியில் வரிசை வந்தது.
உப்பை வேரோடு மறித்து
இலைக்கு ஏற விடாத மரபணு.
இரண்டு இரவு தூங்கவில்லை.
மூன்றாம் இரவு தெரிந்தது,
வேறொரு கடற்கரையில், வேறொரு நெல்லில்
யாரோ இதை முன்பே கண்டு
எழுதியும் விட்டார்கள்.

ஒரே ஒரு வித்தியாசம்:
ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி.
அதனால் புரதம் மாறாது,
வேலை மாறாது, எதுவும் மாறாது.
எங்கள் துறையில் இதற்குப் பெயர்
மௌன மாற்றம்.
"புதுமை போதாது" என்றார் இரண்டாவது மதிப்பீட்டாளர்.
விளக்கைச் சுற்றி ஈசல்.
சிறகுகளை விசைப்பலகையிலிருந்து ஊதிவிட்டு
"ஏற்றுக்கொள்கிறேன்" என்று பதில் எழுதினேன்.

ஒட்டுக் கலப்பு ஆறாம் தலைமுறைக்கு வந்தாயிற்று.
விளைச்சல் சுமார்.
கதிர் பழுத்ததும் பாதி உதிர்கிறது,
காட்டுப் புத்தி.

போன காலபோகம் முடிந்து
சுகிர்தமலர் அறிவியல் நகருக்கு வந்தாள்.
வேலை முடிந்துவிட்டதாம்,
விடுவித்த காணியில் அரை ஏக்கர் குத்தகைக்கு.
"அண்டைக்கு நான் தந்தது
என்னவாச்சு, மிஸ்?"

சுருக்கமான பதில் என்னிடம் இல்லை.
குளிரூட்டியைத் திறந்தேன்.
வெண்புகை அவள் காலடிக்கு வழிந்தது.
பழக்கத்தில்
ஓரடி தள்ளியே நின்று பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் நம்பர் போட்டிருக்கோ?"
"ஓம்."
"எடுத்த இடமும்?"
"எடுத்த இடமும், திகதியும்."

"நாங்களும் அப்பிடித்தான்" என்றாள்,
"எடுத்த ஒவ்வொண்டுக்கும்."