நானூற்று எண்பத்தெட்டுப் பற்கள்

ஸ்வீடனின் மேற்குக் கரை. ஜனவரி.
கூடத்தின் நடுவே என் ஆளுயரச் சக்கரம்,
விளிம்பில் நானூற்று எண்பத்தெட்டுப் பற்கள்.
நிறுத்திவைத்த ஓர் இரவில் நானே எண்ணினேன்,
சுண்ணக்கட்டியால் குறியிட்டு,
பாதியில் தவறி,
மறுபடி ஒன்றிலிருந்து.

ஒரு பல் கடந்தால் ஓர் அலை.
அவ்வளவுதான் சங்கதி.
நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நூற்றுப் பதினைந்து சுற்று,
நொடிக்குப் பதினேழாயிரத்துச் சொச்சம் அலை.

ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த கணக்கர் கேட்டார்:
கோபுரத்தை உயர்த்தினால் அலை விரைந்து துடிக்குமா?
உரக்கச் சொல்லும், ஐயா.
வேறொன்றைச் சொல்லாது.
மின்சாரத்தைக் கூட்டினால்?
ஓங்கி அடித்தால் தாளம் மாறுமா?
'செலவில்லை' என்று எழுதிக்கொண்டு
ரயிலேறிப் போனார்.

வெளியே போனபின் அதற்கு என்னென்னவோ நேரும்.
பனி தின்னும், மலை மறைக்கும்,
உப்புநீருக்குள் இறங்கினால்
நடை தளரும், காலடிகள் நெருங்கும்.
எண்ணிக்கை மட்டும் குறையாது.
நொடிக்கு எத்தனை பேர் வாசலில் நுழைந்தார்களோ
அத்தனை பேர்தான் உள்ளேயும் நடக்க வேண்டும்.
நடுவில் தொலைய இடமில்லை.

கோத்தன்பர்க்கில் யாரோ தந்திவிசையை அழுத்த
இங்கே சக்கரம் மூச்சு வாங்கும்.
ஒவ்வொரு கோடும் ஒரு சுமை.
சுமை ஏறும்போது நெம்புகோலைத் தள்ளி
வேகத்தைத் தாங்கிப் பிடிப்பது என் வேலை.
அந்த மூச்சிலேயே
எழுத்தெழுத்தாய்ச் செய்தி கேட்கும் எனக்கு.
கேட்கக் கூடாது என்பது விதி.

அன்று ஹில்மாவின் தந்தி.
செவ்வாய்தோறும் எனக்கு முட்டை விற்கிற ஹில்மா.
புரூக்ளின் கப்பல்துறையில் இருக்கும் எவால்டுக்கு, ஆறே சொல்:
குழந்தை பிறந்தது தங்கவில்லை நீ வேலையை விடாதே.

மூன்றாம் சொல்லில்
என் கை நெம்புகோலில் இருந்தது, தள்ளவில்லை.
முள் இரண்டு சுற்று இறங்கியது.
இரண்டு சுற்று என்றால் பதினாறு அலை.

காலையில் அமெரிக்கக் கரையிலிருந்து கேள்வி வந்தது:
நேற்றிரவு சற்று நேரம்
பதினாறு தாழ்ந்திருந்தீர்கள், ஏன்?

ஓர் அட்லாண்டிக் முழுக்கப் புயல்.
அதைத் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கிறது,
ஒன்றுகூடக் குறையாமல்,
என் குறை.

தாங்குருளையில் எண்ணெய் குளிர்ந்துவிட்டது
என்று பதிவேட்டில் எழுதினேன்.
ஆல்கோட் நில்சன், இரவு முறை.

அடுத்த செவ்வாய் முட்டைக்குச் சில்லறை தந்தபோது
ஹில்மா கேட்டாள்,
சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று.