பரண், இரண்டு கிலோ நூறு

வேட்டைக்காரர்களுக்காகச் செய்ததாம்.
அட்டைப்பெட்டியின் மேல் தாடிக்காரன் ஒருவன்
மரத்தோடு மரமாய்ச் சாய்ந்து
வில்லை இழுத்துக்கொண்டிருக்கிறான்.
அவனுக்குப் பின்னால் பனி.

தரமணியில் புரட்டாசி.
பெட்டியைப் பிரிப்பதற்குள்
சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே தோசைக்கல் அகலத்தில் அலுமினியம்,
ஒரு பட்டை, நான்கு பல்.
வீட்டில் இதை என்னவென்று சொல்வது?
பரண் என்றேன்.
மணிமொழி அண்ணாந்து பார்த்தாள்:
டிவி வந்த பெட்டி, கால் போன கொலுப்படி,
வெள்ளத்தில் ஊறிக் காய்ந்த கல்யாண ஆல்பம்.
"இருக்குற பரணே வழியுது,
இன்னொன்னு எதுக்கு?"

இடுப்பில் கட்டுவதற்குப் பெயர் சேணம்.
கட்டிக்கொண்டு கயிற்றில் தொங்கினால்
குதிரை நானா மரமா
என்று கடைசிவரை தெளிவதில்லை.

விடுதிக்குப் பின்னால் நிற்கிறது தூங்குமூஞ்சி.
ஆறேகாலுக்கு அது இலைகளை மடிக்கிறது.
தூங்கப்போகிறவர் மேல் ஏறுகிற கூச்சத்தோடு
பதினெட்டு அடி ஏறினேன்.
பட்டையை இறுக்கினேன். நின்றேன்.
எண்பத்து நான்கு கிலோ,
போன தீபாவளிக் கணக்கு.

பழைய பரண் முனகும்.
முனகலுக்கு ஒன்றாக
ஆறு மாதத்தில் எத்தனை மரநாய்கள்
என் நோட்டில் ஏறாமல் திரும்பிப்போயினவோ,
அந்தக் கணக்கு மட்டும் அவற்றிடம் இருக்கிறது.

புதியது ஓசையே எழுப்பாது என்று அச்சடித்திருந்தார்கள்.
இங்கே பறக்கும் ரயில் போகிறது,
ஜெனரேட்டர் உறுமுகிறது,
மெஸ்ஸில் அண்டா உருள்கிறது,
ராஜீவ் காந்தி சாலை முழுக்க ஒரே ஹாரன்.
இத்தனைக்கும் நடுவே
இடது காலை மாற்றி வைத்தபோது
'டிக்'.
கீழே படுத்திருந்த நாய் ஒரு காதைத் தூக்கியது.
நானும்.

பிறகு முசுறு.
அதைப் பற்றிப் பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை.

எட்டு மணிக்கு டார்ச் வெளிச்சம்.
"யார்ப்பா மேல?"
நான்தான், முனிரத்தினம்.
"இன்னா சார் புடிக்கிற?"
பிடிக்கலை. எண்ணுறேன்.
"எண்ணி?"
கால் மரத்திருந்தது, பதிலும்தான்.
அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:
"மெஸ்ல தெனம் நாலு சப்போட்டா கொறையுது.
அத்தயும் சேத்து எண்ணிக்க."

இறங்குமுன் பட்டையைத் தளர்த்தினேன்.
பல் பதிந்த இடத்தில் ஈரம்.
விரலில் எடுத்து முகர்ந்தேன், பச்சை வாசம்.
வில்காரனின் மரத்திலும்
இப்படித்தான் கசிந்திருக்கும்.
அவன் பார்வை வேறு பக்கம்.

மறுநாள் சைக்கிள் கடை டெல்ஃபினிடம்
பஞ்சராகிப் பஞ்சராகிச் செத்த டியூப் ஒன்றை
பத்து ரூபாய்க்கு வாங்கி, கீறி, மடித்து
பல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் கொடுத்தேன்.
மரம் கசியவில்லை.
'டிக்'கும் இல்லை.
ஒன்றுக்கென்று போட்டது
இரண்டுக்கும் கேட்டது.

அன்றிரவும் எதுவும் வரவில்லை.
முழங்கால் வலியில்
பரணைக் கழற்றாமலே இறங்கி வந்துவிட்டேன்.

காலையில் ஏறிப் பார்த்தால்
அலுமினியத்தின் சரியான நடுவில்,
நான் காலை அகட்டி நிற்கும் இடத்தில்,
கருப்பாய், ஈரமாய்,
விதைகள் பதித்த ஒரு கருத்து.
குச்சியால் கிளறினேன்.
சப்போட்டா. பதினோரு கொட்டை.

அலுவலகத்துக்கு அனுப்பிய படிவத்தில்
எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன்.
எடை, சுமப்பதற்குச் சிரமமில்லை.
ஓசை, டியூப் போட்டால் இல்லை.
முழங்காலுக்கு, கேட்காதீர்கள்.
பயன்படுத்தியவர்கள், இருவர்.
இரண்டாமவர் பெயர் என்ற இடத்தில்
கொஞ்சம் யோசித்து,
கையொப்பம் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதி
அந்தப் பொட்டலத்தைப் பின் அடித்தேன்.

முனிரத்தினத்திடம் இன்னும் சொல்லவில்லை.