குடியுரிமை: ..............

பாகாவ் கோயில் மண்டபத்தில்
பழைய வேட்டியைத் திரையாகக் கட்டினோம்.
முகம் பாராமல் கேட்போம் என்பது என் யோசனை.
மூன்று நாதஸ்வரம், ஒரே வேலை,
ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட், தங்க ஓர் அறை.

முதல் ஆள் தோடியைத் தொட்டதுமே
பொருளாளர் தனபாலன் கண்ணை மூடிவிட்டார்.
இரண்டாமவர் சீவாளியை மாற்றிக்கொண்டே இருந்தார்.
மூன்றாமவர் வாசிக்கையில்
செம்பனை லாரி ஒன்று வெளியே ஹாரன் அடித்தது.
அவர் அதையும் உள்ளே இழுத்து
ஒரு பிடியில் கரைத்தார்.
மூன்றுதான், என்றோம் எல்லோரும்.

திரையை அவிழ்த்தேன்.
மன்னார்குடி மருதாசலம், பெர்மிட் இன்னும் வரவில்லை.
சாவகச்சேரி கோணேசலிங்கம்.
அப்புறம் பதினேழாம் பிளாக்கில் குலை வெட்டும் குணாளன்.

"பார்த்தீங்களா, நம்ம ஆளு!"
மேசையைத் தட்டினார் தனபாலன்.
உள்ளூர்க்காரருக்கே வேலை என்று
போன மாதம் தீர்மானம் கொண்டுவந்தவர்.

பாரம் நிரப்பும்போது குணாளன் அட்டையை நீட்டினார்.
சிவப்பு.
பிறந்தது இதே தோட்டத்து லயத்தில்;
பதியத்தான் யாரும் போகவில்லை.
தீர்மானத்தில் 'குடிமகன்' என்று எழுதியது நான்.
'உள்ளூர்க்காரர்' கொச்சையாகத் தெரிந்தது.

மருதாசலம் பெட்டியைத் திறந்து
ஒரு சீவாளியை எடுத்துக் கொடுத்தார்.
"காவேரிக்கரை நாணல். உங்க மூச்சுக்குப் பொருந்தும்."
அதற்கு லெவி கிடையாது.

ஒரு சொல்லை அடிக்கப்
பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும்.
முன்னறிவிப்பு இருபத்தொரு நாள்.
திருவிழாவுக்கு
இன்னும் பத்தொன்பது.